பால்கனிக் கம்பி

கட்டடப் பொறியியல் பரீட்சையில் காப்பி அடித்துவிட்டேனாம். விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். குற்றம் உறுதியானால் விமானம் ஏற்றி ஊருக்கே அனுப்பிவிடுவார்கள்.

நானாவது காப்பி அடிப்பதாவது! பேராசிரியரின் பாடக்குறிப்பை கமா, புள்ளி மாறாமல் மனப்பாடம் செய்து எழுதினேன். பள்ளியில் அப்படி அச்சுப் பிசகாமல் ஒப்பித்ததற்குத்தான் என் படத்தை வாசலில் பேனராகக் கட்டினார்கள். இந்தத் தேசத்தில் அதற்குப் பெயர் திருட்டு.

அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது ஊரில் பஸ் டிப்போவிலிருந்து அப்பா போனில் கூப்பிட்டார்.

"பாப்பா, எதிர்த்துப் பேசிடாதே. வாத்தியார் என்ன சொன்னாலும் சரி சார்னு சொல்லு. கால்ல விழணும்னாலும் விழுந்துடு. நீ அங்க படிக்கறேன்னுதான் இங்க தலைநிமிர்ந்து நடக்கறேன்."

"சரிப்பா."

உள்ளே மூன்று பேர். நடுவில் பேராசிரியர். பார்த்து எழுதவில்லை என்று காட்ட, ஒரு பக்கத்தை அங்கேயே மூச்சு விடாமல் ஒப்பித்தேன். மற்ற இருவரும் குறிப்போடு ஒத்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். தப்பித்தேன் என்று நினைத்தேன். பேராசிரியரின் முகம் மட்டும் மாறவில்லை.

"பாத்து எழுதல, ஒத்துக்கறேன். பால்கனி கான்கிரீட் ஸ்லாபுக்கு முக்கியக் கம்பி எந்தப் பக்கம் வரணும்?"

"கீழ்ப் பக்கம் சார்." குறிப்பில் அப்படித்தான் இருந்தது.

"அது நான் எழுதினது. நீ என்ன நினைக்கிற?"

இப்படி ஒரு கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

"மேல் பக்கம் சார். சுவத்துலேர்ந்து வெளிய நீட்டிட்டு இருக்கறதால மேலதான் விரிசல் விடும்."

"கீழ போட்டா?"

"உடைஞ்சு விழுந்துடும்."

"அப்ப படிக்கும்போதே தப்புன்னு தெரிஞ்சிருக்கு."

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் ஏன் எழுதின?"

"நீங்க எழுதினதாச்சே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நாளைக்கு நான் சொன்னேன்னு கட்டியும் வெச்சிடுவ. அதுல நிக்கறவங்க கதி?"

பொலபொலவென்று அழுதுவிட்டேன். அவர் குறிப்பையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். அவருடைய வரியை அடித்தேன். பக்கத்தில் என் வரியை எழுதினேன். இத்தோடு தொலைந்தோம் என்றுதான் நினைத்தேன்.

மூவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "அடுத்த மாசம் மறுபடி எழுது. உன் வார்த்தையில" என்றார் அவர்.

வெளியே வந்ததும் போன்.

"மன்னிப்புக் கேட்டியா பாப்பா?"

"இல்லப்பா. அவர் எழுதினது தப்புன்னு சொன்னேன். அடிச்சுத் திருத்தினேன்."

அப்பாவின் குரல் உடைந்து வந்தது.

"போச்சு. சரி, அழாதே. பெட்டியக் கட்டு. நான் ஏர்போர்ட்டுக்கு வந்துடறேன்."

தப்பென்று சொன்னதற்குத்தான் என்னை ஊருக்கு அனுப்பாமல் இங்கேயே இருக்கச் சொன்னார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.