மந்தாரத்தில் ஒரு நித்திரை

லூர்த்தம்மா கூரையிலிருந்த காகத்தைக் கையை ஆட்டி விரட்டினாள். வாயைத் திறந்தால் சந்தியோகு எழும்பிவிடுவான். காகம் அசையவில்லை. சிரட்டைத் துண்டொன்றை எறிந்தாள். அது கிடுகில் விழுந்து சத்தம் போட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். ஜன்னலோரப் பாயில் புருஷன் சுவர்ப்பக்கம் திரும்பியபடியே கிடந்தான்.

இரவுக் கடலுக்குப் போகிறவனைப் பகல் நித்திரையில் எழுப்பக்கூடாது. குருநகரில் பத்துக் கட்டளைக்கு அடுத்தது அதுதான். அந்த ஒழுங்கைத் தெருவில் பிள்ளைகள்கூடக் கத்தாமல் விளையாடும். மத்தியான மணி அடிக்குமுன்பே லூர்த்தம்மா கோயில் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டாள். இருபது வருஷப் பழக்கம்.

வைகாசியில் இப்படி ஒரு நாள் வாய்ப்பது அபூர்வம். விடியலிலிருந்து வானம் மந்தாரம் போட்டிருந்தது. வெயிலுமில்லை, மழையுமில்லை. முற்றத்து மணலில் வெறுங்காலோடு நிற்க முடிந்தது. கரைக்கு வந்த சந்தியோகு வழக்கம்போலப் படுக்கப் போகவில்லை.

"உந்தக் குளிர்மையை விட்டிட்டு ஆர் நித்திரை கொள்ளுறது?" என்று குசினி வாசலில் இருந்து தேங்காய் துருவிக் கொடுத்தான். துருவியதில் பாதி அவன் வாய்க்குப் போனது.

"அப்பு, புட்டுக்குக் காணாது," என்றாள் மகள் சிசிலியா.

புட்டு முடிந்ததும் ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை மூன்று பேரும் பங்கிட்டார்கள். கொட்டை அவனுக்கு. அதற்கிடையில்தான் ஒன்றுமில்லாத கதைபோல அதைச் சொன்னான்.

"வாற சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போவம் எண்டு நினைக்கிறன்."

லூர்த்தம்மா வாயைத் திறக்கவில்லை. கேள்வி கேட்டால் மனுஷன் மாறிவிடுவான். முப்பத்திரண்டாம் ஆண்டுத் திருநாளில் புனிதரின் சுருவக்கூட்டைத் தோளில் சுமக்கும் முன்தண்டை அவனிடமிருந்து வாங்கி யாகோப்பிடம் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு வெளியே வந்தவன், ஆறு வருஷமாகக் கோயில் படி மிதிக்கவில்லை. யாகோப்போடு கோபமில்லை. ஒரே வள்ளத்தில் போகிறவர்கள் கோபித்துக்கொண்டால் வலையை யார் இழுப்பது? கோபமெல்லாம் கோயிலோடுதான்.

பதினொரு மணிபோல, "நெஞ்சுக்கை பிடிச்ச மாதிரிக் கிடக்கு. புட்டுக் கூடிப்போச்சு," என்று போய்ப் படுத்தான். அவள் சிரித்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்தாள். பாய்க்கு வெளியே கிடந்த அவன் கையை மெல்லத் தூக்கி உள்ளே வைத்தாள். தன் பழஞ்சேலை ஒன்றை எடுத்துப் போர்த்திவிட்டாள்.

மூன்று மணிக்குக் கோயில் சுவாமி குடையோடு படலையில் நின்றார். பங்குக்குப் புதியவர், வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்.

"சந்தியோகு நிக்கிறானோ?"

"நித்திரை, சுவாமி. இரவு முழுக்கக் கடல்," என்றாள் குசுகுசுப்பாக. சனிக்கிழமைச் செய்தியை அவன் வாயாலேயே அவர் கேட்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"கொள்ளட்டும், கொள்ளட்டும். நான் பேந்து வாறன்." அவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டே போனார்.

நாலரைக்கு யாகோப்பு வந்தான். கடலுக்கு வெளிக்கிடும் நேரம். லூர்த்தம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணை இன்னும் எழும்பேல்லையோ?" என்று உள்ளே போனவனின் சத்தத்தைக் காணவில்லை. பிறகு வாசலில் வந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது.

"மச்சாள். அண்ணை விறைச்சுப்போய்க் கிடக்கிறார்."

"மெள்ளக் கதையும்," என்றாள் அவள்.

சிசிலியா அலறிய பிறகும் அவள் தேத்தண்ணிக் கோப்பையை மூடிவைக்க மூடி தேடினாள். மூடி கையிலேயே இருந்தது.

யாகோப்பு ஓடிப்போய்ச் சுவாமியைக் கூட்டி வந்தான். வெளிச்சத்துக்காகச் சுவாமி கோயில் பக்க ஜன்னலைத் திறந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினார்.

"நான் வந்த நேரம் மூச்சு இருந்ததோ, பிள்ளை?"

அப்போதுதான் லூர்த்தம்மாவுக்கு அந்தக் கை நினைவுக்கு வந்தது.

"இல்லை, சுவாமி. அதுக்கு முந்தியே கை குளிர்ந்து கிடந்தது. மந்தாரத்துக்குக் குளிருதாக்கும் எண்டு நான்... போத்துவிட்டனான். செத்த மனுஷனை நித்திரை எண்டு உங்களுக்குச் சொன்னனான்."

யாகோப்பு பயந்து பயந்து கேட்டான்.

"சுவாமி, ஆறு வருஷம் கோயிலுக்கு வராத ஆள். சேமக்காலையிலை புதைக்க இடம் குடுப்பியளோ?"

சுவாமி தைலச் சிமிழைக் கையில் வைத்திருந்தார், திறக்கவில்லை.

"மனந்திரும்பினதுக்கு ஏதும் அடையாளம் உண்டோ?"

"காலமை சொன்னவர், சுவாமி! சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போவம் எண்டு. தேங்காய் துருவேக்கை சொன்னவர்."

"ஆர் கேட்டது?"

"நானும் பிள்ளையும்."

சுவாமி சிசிலியாவைப் பார்த்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள். "ஓம் சுவாமி. ஆனா தேங்காய் துருவேக்கை இல்லை. மாங்கொட்டை சூப்பேக்கை."

லூர்த்தம்மாவுக்குப் பெற்ற மகளை அறைய வேண்டும்போல இருந்தது. தாயும் மகளும் சேர்ந்து கட்டிய கதை என்று சுவாமி நினைத்தால்?

சுவாமி குனிந்து சந்தியோகின் வலது கையைத் தூக்கினார். விரல் இடுக்கில் மாம்பழ நார் ஒன்று மஞ்சளாய்க் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிமிழைத் திறந்து நெற்றியில் பெருவிரலை வைத்தார். லூர்த்தம்மா முழந்தாளிட்டாள்.

"கோயிலுக்குப் போய் மணி அடிக்கச் சொல்லு," என்றார் யாகோப்பிடம். "சேமக்காலைக்கு ஆளனுப்பிக் குழி வெட்டச் சொல்லு."

யாகோப்பு ஓடினான். ஒழுங்கைப் பெண்கள் ஒவ்வொருவராய் உள்ளே வந்து சுவரோரம் இருந்தார்கள். சிசிலியா தகப்பனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். லூர்த்தம்மாவுக்கு அழுகை வரவில்லை. போர்த்தியிருந்த சேலையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

துக்க மணி முதல் அடி அடித்தது. லூர்த்தம்மா சத்தமில்லாமல் எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினாள்.