வாலில்லாத பாராட்டு

"கடவாய்ப் பல் செஞ்ச கைன்னு சத்தியம் பண்ணாலும் யாரும் நம்ப மாட்டாங்க," என்றாள் சர்க்கரை. "அவ்வளவு நல்லா வந்திருக்கு. எனக்கே ஆச்சரியமாப் போச்சு."

"தேங்க்ஸ்க்கா."

"உடனே மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதே. நிஜமாத்தான் சொல்றேன். அப்புறம், இந்தச் சட்டை உனக்கு நல்லா இருக்கு. இடுப்பெல்லாம் தெரியுது. இத்தனை நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

சொல்லிவிட்டுச் சிரித்தபடி தன் மேசைக்குப் போய்விட்டாள். செயற்கைப் பல் செய்யும் அந்தக் கூடத்தில் எல்லோரும் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் சர்க்கரை. இனிப்பாகப் பேசுவாள்; வீட்டுக்குப் போய் யோசித்தால்தான் எங்கே குத்தினாள் என்று தெரியும்.

பாராட்டு வாங்கியவளுக்குப் பெயர் புதுசு. சேர்ந்து இரண்டு வருடமாகியும் புதுசுதான். இதுவரை பீங்கானில் கடவாய்ப் பற்களையே செய்துவந்தாள். வாயைப் பிளந்தால்கூடக் கண்ணில் படாத பற்கள். இப்போது முதல்முறையாக ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கு முன்பல். இது சரியாக அமைந்தால் முன்பல் மேசை உனக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார். அமையாவிட்டால் மறுபடி கடவாய்தான்.

வடிவம் தேறிவிட்டது. இனி நிறம். செய்தவளே நிறம் பார்க்கக் கூடாது என்பது கூடத்தின் கண்டிப்பு. பார்த்துப் பார்த்துப் பழகிய கண் பொய் சொல்லும். வேறொருவர் பல்லை ஜன்னலோரம் கொண்டுபோய், பகல் வெளிச்சத்தில் நிற மாதிரிப் பல்லோடு சேர்த்துப் பிடித்து, பார்த்ததும் சொல்ல வேண்டும். அதன்பிறகு யாரும் அதைத் தொடக் கூடாது. முன்பற்களுக்கு அந்தக் கண் சர்க்கரையுடையது.

"சர்க்கரையோட அக்கா பொண்ணுக்கு அந்த மேசை மேல ஒரு கண்ணும்மா," என்றாள் புதுசு, வீட்டில் துணி மடித்துக்கொண்டே. "எப்படியும் எதையாவது சொல்லிக் கெடுக்கப் போறாங்க."

"பாராட்டினாலும் தப்பு, திட்டினாலும் தப்புன்னா அந்தப் பொம்பள என்னதான்டி பண்ணுவா? வாயத் தச்சுக்கவா?" என்றாள் அம்மா.

மறுநாள் காலை சர்க்கரை பல்லை ஜன்னலோரம் பிடித்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்தாள்.

"சரியா இருக்கு. தொடாதே."

புதுசு காத்திருந்தாள். ஒரு 'ஆனா' வர வேண்டும். 'உன் கைக்கு' என்றாவது வர வேண்டும். எதுவும் வரவில்லை. சர்க்கரை பல்லை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வாலில்லாத பாராட்டு அந்த வாயிலிருந்து வந்ததை அவள் கேட்டதே இல்லை. 'தொடாதே' என்று எதற்காக அவ்வளவு அழுத்திச் சொன்னாள்? எங்கோ குறை இருக்கிறது; பல் திரும்பி வரட்டும் என்றுதான் விட்டுவிட்டாள். புதுசு பல்லையும் மாதிரியையும் விளக்கின் கீழ் சேர்த்து வைத்துப் பார்த்தாள். ஆமாம், பல்லில் மஞ்சள் ஒரு துளி கம்மி. பார்க்கப் பார்க்க நிச்சயமாகக் கம்மி.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மெல்லிய தூரிகையால் மஞ்சள் சாயம் ஒரு பூச்சுப் பூசி, பல்லை மறுபடி சூளையில் வைத்து எடுத்தாள்.

அந்த வாரமே பல் திரும்பி வந்தது. டீச்சர் வாயைத் திறந்தால் அந்தப் பல் மட்டும் டீக்கறை பிடித்ததுபோலத் தெரிகிறதாம்.

"யார் பாத்தது?" என்றார் முதலாளி.

"நான்தான்," என்றாள் சர்க்கரை. பல்லை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோனாள். வெகுநேரம் திரும்பவே இல்லை. "என் கண்ணுதான் தப்பு பண்ணிருக்கு."

"அதுக்கென்ன பண்றது? வயசாகுதில்ல. இத்தனை நாள் உங்க கண்ணு தாக்குப் பிடிச்சதே பெரிய விஷயம்," என்று முதலாளி அன்பாகச் சொன்னார். "இனிமே நிறம் பாக்க வேற ஆள் போட்டுக்கறேன்." புதுசின் பக்கம் திரும்பினார். "உன் மேல தப்பில்லம்மா. வடிவம் பிரமாதம். திங்கட்கிழமை முன்பல் மேசைக்கு மாறிக்கோ."

யாரோ கை தட்டினார்கள். புதுசுக்குச் சிரிக்க வரவில்லை.

மாலையில் புதுசு குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது சர்க்கரை பக்கத்தில் வந்து நின்றாள். குழாயைத் திறக்கவில்லை. முதலாளியே அனுப்பியிருப்பாரோ என்று புதுசு கதவுப் பக்கம் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. சர்க்கரையின் கண்கள் சிவந்திருந்தன. அழுததா, பீங்கான் தூளா, நடிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"நான் பாத்தப்ப அது அச்சு அசலா இருந்துச்சு," என்றாள் சர்க்கரை. குரல் இறங்கியிருந்தது. "எங்க அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல மஞ்சள் தெரியாமப் போச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா... டாக்டர்கிட்டப் போகவே பயமா இருக்குடி." அவள் புதுசின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேசை உனக்குத்தான். நான் யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேன். நான் பாத்ததுக்கு அப்புறம் நீ அதைத் தொட்டியா? எனக்கு மட்டும் சொல்லிடு."