ஐந்து பேருக்கு ஒரு நம்பர்

சட்டைக் கம்பெனியில் காஜா எடுக்கிறவள் அவள். பொத்தான் நுழையும் ஓட்டையைத் தைத்து வெட்டுகிற மெஷினில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டதால், தெரிந்தவர்களுக்கெல்லாம் காஜாக்கா. எச்.ஐ.வி. வந்து பத்து வருஷம் ஆகிறது. போய்ச் சேர்ந்த புருஷன் விட்டுப்போன ஒரே சொத்து என்று அவளே கிண்டலடிப்பாள். மாத்திரையை ஒரு நாள் விட்டதில்லை, ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள்.

மாத்திரை வாங்குகிற வரிசையில் நின்று நின்றே சிநேகிதமானவர்கள் மொத்தம் ஐந்து பேர். மாதம் ஒருத்தி போய் ஐவருக்கும் வாங்கி வருவாள். வீட்டில் கேட்டால் 'தையல் சங்கம்' என்று சொல்வார்கள். அதில் மூன்று பேருக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது, அது வேறு விஷயம். மற்ற நாலு பேர் வீட்டிலும் போன் அடித்தால் மாமியார் எடுப்பாள், இல்லையென்றால் புருஷன் நோண்டுவான். காஜாக்காவின் போனைத் தொட ஆளில்லை. அதனால் ஆஸ்பத்திரியில் ஐந்து ஃபைலிலும் அவள் நம்பர்தான். பெரிய புத்திசாலித்தனம் பண்ணிவிட்டதாக ஐந்து பேருக்கும் நினைப்பு!

போன மாதம் நர்ஸம்மா ஐவரையும் வரச்சொல்லி ஆளுக்கொரு பஞ்சுக் குச்சியைக் கையில் கொடுத்தார். பாத்ரூமுக்குள் போய்த் தாங்களே உள்ளே விட்டு எடுத்துத் தர வேண்டும்.

"எச்.பி.வி.ன்னு ஒரு கிருமி. நிறையப் பேருக்கு வரும், தானாவே போயிடும். ஆனா உங்க உடம்புல லேசுல போகாது. விட்டா கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில கொண்டுபோய் விட்டுடும். அதான் முன்கூட்டியே பாக்கறோம். மேல பாக்க வேண்டியவங்களுக்கு மட்டும் போன்ல செய்தி வரும்" என்றார்.

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு மணி அடித்த நேரத்தில் வந்தது. 'உங்கள் பரிசோதனை முடிவு வந்துள்ளது. மேல்பரிசோதனைக்கு வரவும்.' பெயர் கிடையாது. வேறு யாராவது பார்த்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் பெயர் போடுவதில்லை.

காஜாக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தன் போன், தனக்கு வந்த செய்தி, அவ்வளவுதான். அந்த நம்பருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் இருப்பது மண்டையில் ஏறவே இல்லை. பயந்துபோனவளிடம் புத்தியை எதிர்பார்த்தால் எப்படி? மறுநாள் போகலாம் என்றாள். மறுநாள் அடுத்த நாள் என்றாள். போகாத வரைக்கும் தனக்கு ஒன்றுமில்லை என்று ஒரு அசட்டுத் தைரியம்.

வீட்டில் பன்னிரண்டாவது படிக்கிற மகளுக்குத் திடீரென்று பாடம் ஆரம்பித்தது. கேஸ் சிலிண்டர் மாட்டுவது எப்படி, ரேஷன் அட்டை எங்கே இருக்கிறது, சித்தி வீட்டு விலாசம் என்ன.

"என்னம்மா, எங்கயாவது ஓடிப்போகப் போறியா?" என்று மகள் சிரித்தாள்.

"வாயை மூடிட்டு எழுதிக்கோடி" என்று எரிந்து விழுந்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தான் போனால் இந்தப் பெண்ணுக்கு யார் என்பதைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை.

பதினோரு நாள் இப்படியே போனது. பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. அதே செய்தி மறுபடி வந்ததும், நடப்பது நடக்கட்டும் என்று அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

நர்ஸம்மா கம்ப்யூட்டரில் பார்த்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையேம்மா. கிருமியே இல்ல. மூணு வருஷம் கழிச்சு எடுத்தாப் போதும்."

"அப்போ இது?" என்று போனை நீட்டினாள்.

அவர் மறுபடி பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்த நம்பர்ல அஞ்சு ஃபைல் இருக்கே!"

அப்பாடா என்று வந்த மூச்சு பாதியிலேயே நின்றது. அப்படியானால் மற்ற நாலு பேரில் ஒருத்தி. அவளுடைய பதினோரு நாளை அல்லவா தான் தூக்கி முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள்!

"யாரும்மா அது?"

"அதை அவங்ககிட்டதான் சொல்ல முடியும். நாலு பேரையும் திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. இப்படி வெலவெலக்காதீங்க, இது வருஷக்கணக்குல வளர்றது. பதினோரு நாள்ல குடி முழுகாது."

திங்கட்கிழமை பெஞ்சில் ஐந்து பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தியாக உள்ளே கூப்பிட்டார்கள். முதல் மூவரும் போன வேகத்தில் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். கடைசியாகப் போனது லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள், ஐவரிலும் சின்னவள். அவள் வரவில்லை. அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. காஜாக்கா நாலு தடவை எழுந்து கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

கதவைத் திறந்துகொண்டு இஸ்திரிக்காரி அடிவயிற்றைப் பிடித்தபடி வந்தாள். முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"புற்று இல்லையாம்க்கா! லேசா மாற ஆரம்பிச்சிருந்ததாம். அதுக்குள்ள புடிச்சிட்டாங்க. அந்த இடத்தைச் சூடு வச்சுப் பொசுக்கிட்டாங்க, ஒரு நிமிஷம்தான். மாசாமாசம் வர்ற வலி மாதிரிதான் இருந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சு மறுபடி பாக்கணுமாம்."

மற்ற மூவரும் அவளைக் கட்டிக்கொண்டார்கள். காஜாக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"நான் ஒரு பாவம் பண்ணிட்டேன்டி. செய்தி வந்து பதினோரு நாள் நான் யார்கிட்டயும் மூச்சு விடல. எனக்குன்னு நெனச்சுப் பயந்து வச்சிருந்துட்டேன். உனக்கு ஏதாவது ஆகியிருந்தா..."

இஸ்திரிக்காரி அவள் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். விரலை மடக்கி அந்த நாட்களை எண்ணிப் பார்த்தாள்.

"அந்தப் பதினோரு நாளும் நான் குறட்டை விட்டுத் தூங்கினேன்க்கா. எனக்கு வர வேண்டிய பயத்தையெல்லாம் நீயே பட்டு முடிச்சிட்ட."

காஜாக்கா அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பத்து வருஷத்தில் வாய்விட்டு அவள் அழுதது அன்றைக்குத்தான்.