பச்சை டேப் சுற்றிய மேகசின்

அளந்து பார்க்கும் இடத்தில் உட்கார்ந்தவனே அளவை ஏமாற்றினால் யாரிடம் போய் முறையிடுவது? யச்சிமாத்தா காட்டு மைதானத்தில் அந்த ஜனவரி ஞாயிற்றுக்கிழமை நடந்தது அதுதான். செய்தவன் குராமோச்சி. ஐம்பத்து மூன்று வயது, ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக், பன்னிரண்டு வருஷமாக அங்கே ஏர்சாஃப்ட் என்கிற பிளாஸ்டிக் குண்டுத் துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறவன். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவர் துப்பாக்கியையும் வேகம் பார்க்கும் கருவியில் வைத்துச் சுட்டுப் பார்த்து, நொடிக்குத் தொண்ணூற்றொன்பது மீட்டருக்குள் இருந்தால் குழலில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவது அவன் வேலை. தாண்டினால் அது விளையாட்டுச் சாமான் இல்லை, போலீஸ் விவகாரம். அந்த நாற்காலியில் ஓனரம்மா அகுட்சு அவனைத்தான் உட்கார வைத்திருந்தாள். ஏனென்றால் கேஸைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை.

தெரிந்ததுதான் வினையாய்ப் போயிற்று.

இந்தத் துப்பாக்கிகள் பலவற்றில் குண்டைத் தள்ளுவது கேஸ்தான்; பழைய கேஸ் பூமியைச் சூடாக்குகிறது என்று கடைக்காரர்கள் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அதற்குப் பதிலாக வந்த புது கேஸ் பரம சாது. பூமிக்கு நல்லது, சரி. குளிர் நாளில் துப்பாக்கிக்கு ஆகாது. காலை இரண்டு டிகிரியில் குராமோச்சியின் துப்பாக்கி நாலு குண்டு சுட்டுவிட்டு ஐந்தாவதற்கு இருமியது. பேட்டரித் துப்பாக்கிக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

"என்னண்ணே, கேஸ் டாக்டர் துப்பாக்கிக்கே சளி பிடிச்சிருக்கு?"

"கொஞ்சம் இஞ்சிக் கஷாயம் ஊத்திப் பாருங்க, சரியாயிடும்."

ஒனோதெராதான் இதில் முதல் ஆள். பள்ளி வேன் ஓட்டுகிறவன், குராமோச்சியோடு பன்னிரண்டு வருஷமும் ஒரே காரில் வந்து போகிறவன். "விடுங்கடா, வயசாயிடுச்சு. ஆளுக்கும் இருமல், துப்பாக்கிக்கும் இருமல்" என்று சொல்லிவிட்டுத் தன் சிரிப்புக்குத் தானே குலுங்குவான்.

கேலிதான். ஆனால் குராமோச்சிக்கு உறைத்தது. வீட்டுக் கேரேஜில் முகாம் அடுப்புக்கான புரோபேன் உருளை ஒன்று சும்மா கிடந்தது. கேஸை மாற்றி அடைக்க ஒரு முனைமாற்றி, இரண்டு சொட்டு சிலிக்கான் எண்ணெய், முடிந்தது வேலை. குண்டும் கேஸும் ஒன்றாக அடைக்கிற மேகசின் அவனிடம் இரண்டு இருந்தன. ஒன்றில் சாது கேஸ். இன்னொன்றில் புரோபேன். மாறிவிடக் கூடாதே என்று அதில் மட்டும் பச்சை டேப் சுற்றினான். வீட்டுப் பின்புறம் வேகக் கருவி வைத்துச் சுட்டுப் பார்த்தபோது நூற்றுப் பதினாலு காட்டியது. துப்பாக்கி தோளில் உதைத்த உதையில் அவனுக்கு இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது. தூரத்தில் இருக்கிறவர்களை மட்டும்தான் சுடுவேன், ஒரே ஒரு மேகசின்தான், யாருக்கு என்ன ஆகிவிடும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். இந்த மாதிரிச் சமாதானத்துக்கு மட்டும் மனுஷனுக்குப் பஞ்சமே வராது.

அன்று காலை சாது மேகசினைப் போட்டுத் தன் துப்பாக்கியை அளந்தான். எண்பத்தொன்று. தன் குழலில் தானே மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டான்.

வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்றவள் நிஷிவாகி. மழலையர் பள்ளி ஆசிரியை, இது அவளுக்கு மூன்றாவது ஆட்டம்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேஸ் துப்பாக்கி. எண்பத்து நாலு.

"பாஸா அண்ணே?"

"பாஸ். குளிர்ல சரியா சுடாது, பாத்துக்கம்மா."

"அதுக்கு வழி வெச்சிருக்கேன்" என்று கோட்டுப் பையைத் தட்டிக் காட்டினாள். உள்ளங்கைக் குளிருக்கு எல்லோரும் வைத்திருக்கும் சூட்டுப் பொட்டலம். மேகசினை அதோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டால் கேஸ் கதகதப்பாக இருக்கும். பலரும் செய்கிறதுதான். குராமோச்சி தலையாட்டினான். கேஸ் சூடேறினால் வேகமும் ஏறும், பார்த்துச் செய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் நினைப்பு முழுக்கக் கால்சட்டையின் வலது பையிலிருந்த பச்சை டேப் மேகசினில் இருந்தது.

மதியத்துக்குப் பிறகு மூன்றாவது ஆட்டம். ஒனோதெரா எதிரணி. மூங்கில் புதருக்குப் பக்கத்துப் பலகைச் சுவரின் பின்னால் குராமோச்சி பதுங்கியிருந்தான், பச்சை டேப் மேகசினோடு. வலது பக்கம் அறுபதடி தள்ளி நிஷிவாகி. ஒனோதெரா திடுதிப்பென்று சுவரோரம் எட்டிப் பார்த்தான். நாலு எட்டு தூரம்கூட இல்லை. தூரத்தில் மட்டும்தான் என்ற பேச்செல்லாம் எங்கே போனதோ, விரல் அழுத்திவிட்டது. நிஷிவாகியும் அதே நொடியில் சுட்டாள்.

ஒனோதெரா வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான். விரலிடுக்கில் ரத்தம் வந்தது. அப்படியும் இன்னொரு கையை உயர்த்தி, "ஹிட்!" என்று கத்தினான். இந்த ஆட்டத்தில் நடுவர் கிடையாது. பட்டவன்தான் பட்டது என்று சொல்ல வேண்டும். பல் உடைந்தவன்கூட அதை மறக்கவில்லை.

மேல் முன்பல் பாதி போயிருந்தது. அடுத்த சனிக்கிழமை அவன் மகளுக்குக் கல்யாணம்.

ஓனரம்மா அகுட்சு ஆட்டத்தை நிறுத்தினாள். வேர்க்கடலைத் தோட்டமாக இருந்த இடத்தைக் காடாக்கி மைதானம் ஆக்கியவள். குரலை உயர்த்தவே மாட்டாள், அதனால்தான் எல்லோருக்கும் பயம். "துணி முகமூடியத் தாண்டி பல்லு உடையுதுன்னா எங்கியோ தப்பு இருக்கு. எல்லாத்தையும் மறுபடி அளக்கணும். குராமோச்சி, நீயே பாருப்பா. உன்னை விட்டா யாரு."

உன்னை விட்டால் யாரு.  நாற்காலிக்குப் போகிற வழியில் குராமோச்சி பச்சை டேப் மேகசினைக் கழற்றிச் சாது மேகசினை மாட்டினான். கை நடுங்கவில்லை என்பதுதான் பிறகு அவனுக்கே அருவருப்பாக இருந்தது. எண்பது. அவன் துப்பாக்கி காட்டிய அந்த எண்ணை எல்லோரும் பார்த்தார்கள்.

நிஷிவாகியின் துப்பாக்கி நூற்றொன்று காட்டியது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "காலையில எண்பத்து நாலுதானே வந்துச்சு? அண்ணே, நீங்கதானே பாத்தீங்க? நான் எதுவும் பண்ணலையே!"

"பையில என்னம்மா வெச்சிருந்தே?" என்று கேட்டாள் ஓனரம்மா. பொட்டலம் வெளியே வந்தது. காலையிலிருந்து வெந்து வெந்து தொடமுடியாத சூட்டில் இருந்தது.

சுற்றி நின்றவர்கள் குராமோச்சியைப் பார்த்தார்கள். அவன் சொல்ல வேண்டியது இரண்டே வரி. சூட்டில் வரம்பை இரண்டு மீட்டர் தாண்டியிருக்கிறது, அது தப்புதான், ஆனால் அறுபதடி தள்ளி நின்ற துப்பாக்கி பல்லைப் பெயர்க்காது. அதைச் சொல்லியிருந்தால் அப்புறம் எது பெயர்த்தது என்று கேட்பார்கள். அவன் வாயைத் திறந்தான்.

"அடுத்தது யாரு, வாங்க" என்றான்.

ஓனரம்மா ஒரு வருஷத் தடை போட்டாள். நிஷிவாகி ஒனோதெராவின் முன்னால் போய் நின்று, நெற்றி முழங்காலைத் தொடுமளவு குனிந்தாள். உறைந்த சேற்றில் அவள் கண்ணீர் சொட்டியது. "கல்யாணத்துக்கு முன்னாடி இப்படிப் பண்ணிட்டேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒனோதெரா கைக்குட்டையைக் கடித்தபடி, "பரவால்ல, பரவால்ல" என்று கையை ஆட்டினான். திரும்பும் வழியில் காரில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் வலிக்கிறது, பாவம் என்று குராமோச்சி நினைத்துக்கொண்டான்.

அடுத்த நாலு வாரம் அவன் பட்டது கொஞ்சமல்ல. மீன் கடை ஃப்ரீசருக்குள் தலையை விட்டால் அவள் குனிந்த முதுகு கண்ணில் நின்றது. சோறு இறங்கவில்லை. இரண்டு முறை நிஷிவாகியின் எண்ணை அழுத்தி, மணி அடிக்குமுன் வைத்துவிட்டான். கல்யாணப் படத்தை ஒனோதெரா அனுப்பினான். மகளும் மருமகனும் பல் தெரியச் சிரிக்க, பெண்ணின் அப்பன் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான்.

படம் வந்த அன்று மாலை குராமோச்சி கேரேஜுக்குப் போய்ப் பச்சை டேப் மேகசினில் மிச்சமிருந்த கேஸை வெளியேற்றினான். அழுகின வெங்காய நாற்றம். சமையலறையிலிருந்து மனைவி சிஹோ ஓடி வந்து, குளிரென்றும் பாராமல் எல்லா ஜன்னலையும் திறந்தாள், கேஸ் கம்பெனிக்கும் போன் போட்டுவிட்டாள். வந்த ஆள் குழாய் குழாயாகச் சோதித்துவிட்டு, எங்கேயும் கசிவு இல்லை என்றான்.

"ஐயோ, சும்மா உங்களை அலைய விட்டுட்டேனே, மன்னிச்சுக்குங்க" என்று சிஹோ அவனுக்கு வாசல் வரை குனிந்துகொண்டே போனாள். குராமோச்சி மாடிப்படியில் நின்று அதைப் பார்த்தான். தான் செய்ததற்கு இன்னொரு பெண் மன்னிப்புக் கேட்கிறாள், அப்போதும் தன் வாய் திறக்கவில்லை. சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று தோன்றியது. தோன்றியதோடு சரி, படுத்துவிட்டான்.

பிப்ரவரி ஆட்ட நாள். எல்லோரும் ஓய்வுக் கூடாரத்தில் அவித்த கடலை தின்றுகொண்டிருந்தபோது நிஷிவாகி வந்தாள். ஆட்ட உடுப்பு இல்லை. கறுப்புக் கோட்டு, கையில் துணியில் கட்டிய இனிப்புப் பெட்டி. ஓனரம்மாவிடம் குனிந்தாள். துப்பாக்கியை விற்றுவிட்டதாகவும் இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லை என்றும் சொன்னாள். பிள்ளைகளோடு இருக்கிற வேலை, தன் கையையே நம்ப முடியவில்லை என்றாள். பிறகு ஒவ்வொருவரிடமும் போய், மன்னிப்புக் கேட்டுப் பெட்டியை நீட்டினாள். ஒனோதெரா ஒன்று எடுத்தான். அவரைப் பருப்புப் பூரணம் வைத்த இனிப்பு, தனித்தனியாகக் காகிதம் சுற்றியது.

குராமோச்சியின் முன்னால் வந்து மற்ற எல்லோரையும்விட அதிக நேரம் குனிந்து நின்றாள்.

"நீங்க என்னை நம்பி ஸ்டிக்கர் ஒட்டினீங்க. உங்க நாற்காலிக்கே கெட்ட பேர் வாங்கிக் குடுத்துட்டேன். தயவு செஞ்சு மன்னிச்சிடுங்க அண்ணே."

இனிப்பு அவன் கையில் இருந்தது. 

"நீ இல்லம்மா" என்றான். "நான்தான். புரோபேன் போட்டிருந்தேன். நூத்திப் பதினாலு. மறுபடி அளந்தப்ப மேகசினை மாத்திட்டேன். அந்தப் பல்லை உடைச்சது நான்."

 நிஷிவாகி நிமிர்ந்தாள்.

"நான் அவர் முன்னாடி அழுதுட்டு நின்னப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

ஒனோதெரா பெருமூச்சு விட்டான். எழுந்து வந்து குராமோச்சியின் தோளில் கை வைத்தான். "அப்பாடா. இப்பவாச்சும் வாயத் திறந்தியே. சுவரோரம் வந்தப்பவே வெங்காய நாத்தம் அடிச்சுதுடா. நீதான்னு அன்னைக்கே தெரியும். நீயா வந்து சொல்லுவேன்னுதான் இத்தனை நாளும் ஒண்ணும் கேக்காம இருந்தேன்."

குராமோச்சிக்குக் கண் கலங்கியது. நண்பன் மன்னித்துவிட்டான். ஒரு கணம், வெட்கமில்லாமல், நெஞ்சு லேசானது.

"உங்களுக்கும் தெரியுமா?" என்று கேட்டாள் நிஷிவாகி.

ஒனோதெராவின் கை நண்பன் தோளிலிருந்து நழுவியது. "இல்லம்மா, அது வந்து... இவன் என் கூட்டாளி, பன்னெண்டு வருஷமா..."

அவள் உள்ளங்கையை நீட்டினாள். குராமோச்சி தன் இனிப்பை அதில் வைத்தான். நீட்டிய கையை அவள் ஒனோதெரா பக்கம் திருப்பினாள். ஒனோதெரா பாதி பிரித்த காகிதத்தை மறுபடி மடித்து, தன்னுடையதையும் வைத்தான். இரண்டையும் பெட்டியில் போட்டு, மூடி, துணியை முடிச்சுப் போட்டு, அவள் தன் கார் இருந்த பக்கம் நடந்தாள்.