புத்தூரில் ஒன்ஸ்மோர்

என் மனைவி சந்திரம்மா மேடையிலும் எனக்கு ஜோடி. அவள் போனபோது ஊரே அழுதது. எனக்கு மட்டும் கண்ணில் ஒன்றும் வரவில்லை. காரியம் முடிந்ததும் நாடகத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

அவள் இடத்துக்கு யசோதா வந்தாள். முகம் பரவாயில்லை, குரல்தான் கரகரப்பு. அதனால் தர்க்கப் பாட்டுக்கு மட்டும் ஒரு வழி செய்தேன். வேடன் வம்புக்கு இழுப்பான், தினைப்புனத்துப் பெண் திருப்பிக் கொடுப்பாள். நானும் சந்திரம்மாவும் மெட்ராஸ் போய் அதைப் பாடிக் கொடுத்த இசைத்தட்டு இருந்தது. படுதாவுக்குப் பின்னால் கிராமபோன், அதன் முன்னால் ஒரு மைக். நானும் யசோதாவும் வாயசைத்தால் போதும்.

ஆர்மோனியக்காரர் கன்னையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காத்து உடாம வெறும் கட்டைய அமுக்கிக்கினு குந்தச் சொல்றியே முனிரத்தினம், இது மோசடி இல்லியா? பிளேட்டு கேக்கணும்னா ஜனங்க காபி கிளப்புல கேட்டுக்குவாங்களே!"

"எவன் குரலையோவா போட்டேன்? பாடனது நாங்கதானே அண்ணே?"

"பாடனீங்க. இப்பப் பாடலியே."

என் குரலுக்கே நான் வாயசைப்பது வசதியாக இருந்தது; எதையும் உணர வேண்டியதில்லை. அவள் குரல் அதே இடத்தில் மூச்சு வாங்கும், அதே இடத்தில் சிரிக்கும். அது கேட்கிறவரைக்கும் அவள் இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டேன்.

புத்தூரில் மாட்டிக்கொண்டேன். ஊர் மெட்ராஸுக்கா ஆந்திராவுக்கா என்று சுவரெல்லாம் தாரில் எழுதிக்கொண்டிருந்த காலம். எங்கள் மேடையில் மட்டும் அந்தச் சண்டை கிடையாது. முதல் தடவை தமிழ். ஒன்ஸ்மோர் கேட்டால் சந்திரம்மா தெலுங்கில் பதில் கட்டுவாள். அதுவும் ஊருக்கு ஊர் புதிதாக. நான் திண்டாடித் திண்டாடிப் பதில் பாடுவதைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம் வரும். அவள் போனபிறகு, ஒன்ஸ்மோர் சத்தம் எழுவதற்குள் அடுத்த காட்சிக்குத் தாவிவிடுவேன். புத்தூர்க்காரர்கள் விடவில்லை.

"ஒன்ஸ்மோர்! தெலுகுலோ பாடண்டி!"

படுதாவுக்குப் பின்னால் கிராமபோன் போடுகிறவன் மறுபடி ஊசியை வைத்துவிட்டான். அதே தமிழ். அதே சிரிப்பு. கூட்டம் கூச்சல் போட்டது.

யசோதா விறுவிறுவென்று போய்ப் படுதாவுக்குள் கையை விட்டு ஊசியைத் தூக்கினாள். திரும்பி வந்து, என்னைப் பார்த்து, அந்தக் கரகரத்த குரலிலேயே தெலுங்கில் பாடினாள்: கேட்டதையே கேட்கிறாயே வேடா, உனக்கு வேறு பேச்சே தெரியாதா?

கொட்டகை முழுக்கச் சிரித்தது. கன்னையா காற்றை விட்டு வாசிக்கத் தொடங்கினார்.

என் முறை. வாயைத் திறந்தேன். சந்திரம்மாவின் புருவம் ஏறுவதைப் பார்த்துத்தான் எனக்குப் பதில் பிறக்கும். அங்கே யசோதா நின்றுகொண்டிருந்தாள். இனி எந்த ஊரிலும் சந்திரம்மா எனக்குப் புதிதாக ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை.

"பாடுப்பா, ஜனங்க காத்துக்கினு கீறாங்க," என்றார் கன்னையா.

வேடன் வேஷத்தோடு, அத்தனை பேர் முன்னால், மேடையிலேயே உட்கார்ந்து அழுதேன்.