தழும்பு இருந்த பக்கம்

முகத்தை நகலெடுத்த டிரேசிங் பேப்பரின் ஒரு பக்கத்தில் கரியைத் தேய்த்து, கேன்வாசில் ஒட்டி, கோடுகளின் மேல் பென்சிலை அழுத்தி ஓட்டினால் முகம் கேன்வாசில் இறங்கிவிடும். இதைக் கலை என்கிறார்கள். எனக்கு முதுகுவலி. காலையிலிருந்து குனிந்தே இருந்தேன். தாளை உரித்தபோது சரவணமுத்து மங்கலான கரிக்கோடுகளாக நின்றார். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஒடிசா போனவர், அங்கேயே இறந்துபோனார். வருசத் திதிக்குப் படம் மாட்ட வேண்டும் என்று அவர் மனைவி கமலவேணி கொடுத்த செல்போனில், முகம் தெளிவாக இருந்தது ஒரே ஒரு செல்ஃபியில்தான்.

கோடுகளைப் பார்க்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது அவரில்லீங்க. தழும்பு பக்கம் மாறிப்போச்சு."

செல்ஃபியைக் காட்டினேன். "பனியன்ல எழுத்தைப் பாருங்க, திரும்பியிருக்குது. செல்போன் கண்ணாடி மாதிரி எடுத்திருக்குதுங்க. அதான் தாளைத் திருப்பிப் போட்டு இறக்குனேன்."

"பனியனைத் திருப்பிப் போட்டிருப்பாருங்க. அந்த மனுசனுக்கு அதே பொழப்பு."

"அப்படிப் போட்டா எழுத்தே தெரியாதுங்களே."

சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். செல்போனையும் கேன்வாசையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தெனமும் இதைப் பாத்துட்டுத்தானுங்க படுக்கறேன். எழுத்து தப்பா இருந்தா மூஞ்சியும் தப்பாயிருமா?"

என்ன சொன்னாலும் அது அவளிடமிருந்து எதையோ பிடுங்குவதாகத்தான் இருக்கும்.

"ரிக்குக் குழாய் மூஞ்சில அடிச்சு ஊட்டுக்கு வந்தப்ப நாந்தானுங்க மருந்து போட்டேன். எனக்குத் தெரியாதா?"

"எந்தக் கன்னத்துலங்க போட்டீங்க?"

கேட்டிருக்க வேண்டாம். ஆனால் வேலை அப்படி. இப்போது துணியால் ஒரு தட்டுத் தட்டினால் கரி போய்விடும். பழுப்பு வண்ணத்தால் கோடுகளை இறுக்கிவிட்டால் பிறகு முகத்தைத் திருப்ப முடியாது.

கமலவேணி கேன்வாசின் முன்னால் வந்து நின்றாள். ஸ்டாண்டில் அவர் முகம் அவளைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருந்தது. வலது கை ஆள்காட்டி விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். விரல் ஒரு கன்னத்தை நோக்கிப் போனது, நின்றது. கண்களை மூடிக்கொண்டாள். விரல் மறு கன்னத்துக்கு நகர்ந்தது. அங்கேயும் படவில்லை. மருந்தைத் தொட்டெடுத்த விரலைப் போல அதை நுனி மேலாகப் பிடித்தபடி, அவர் மூக்குக்கு நேராக, எந்தப் பக்கமும் போகாமல் வைத்துக்கொண்டு நின்றாள்.