கரைக்கு வராத பாளைத்தோணி

“பெட்டி எவ்வளவு நீளமெண்டு பார்த்தனியே?”

“பார்த்தனான் அக்கா. சின்னப் பெட்டிதான். வாழைமடலிலை செய்ததுகள்.”

“அப்ப ஆரோ குழந்தைப்பிள்ளை.”

“மூப்பற்றை ஆட்டுக்குட்டியாயும் இருக்கலாம். பின்னாலை அழுதுகொண்டு போனவள் ஆடு மாதிரித்தான் கத்தினவள்.”

“அழுதுகொண்டு போனது உன்ரை மேள்தானே?”

“ஓம். அவள்தான்.”

குருநகர்க் கரையில், அந்தோனியார் ஒழுங்கையின் பொதுக்கிணற்றடியில், தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுத் தவக்காலத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை மார்கிரட்டும் யோசப்பினும் இப்படிக் கதைத்துக்கொண்டு நின்றதில் யாருக்கும் வியப்பில்லை. அந்த ஒழுங்கையில் பிள்ளைகள் எதை விளையாடினார்களோ அது மூன்றாம் நாள் நடந்தது. விளையாடிய நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். செவ்வாயில் செத்தவீடு விளையாடினால் வியாழன். அந்த வியாழக்கிழமை, கோயில் மூப்பர் செபநாயகத்தின் ஆட்டுக்குட்டியைப் பாம்பு கடித்தது. மூப்பர் துக்கப்பட்டார். மற்ற எல்லோரும் கோயிலுக்குப் போய் நன்றியாக ஆளுக்கொரு மெழுகுதிரி கொளுத்தினார்கள்.

பிள்ளைகள் ஏழு பேர். மூத்தவள் யோசப்பினின் மகள் கத்தரீனாவுக்கு அப்போது ஒன்பது வயது. கடைசிப் பொடியனுக்குத் தன் மூக்கைத் தானே சீறத் தெரியாது. அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கடல் பூட்டிக் கிடந்தது. கொஞ்சத் தூரம் போனாலும் மண்டைதீவிலிருந்து ஆமிக்காரர் சுட்டார்கள். தகப்பன்மாரில் சிலர் விறகு வெட்ட வன்னிக்குப் போயிருந்தார்கள், சிலர் போன இடத்தை வீட்டில் சொல்லவில்லை. தாய்மார் விடியக் கூப்பன் கடைக் கியூவுக்குப் போனால் பொழுதுபடத்தான் திரும்பினார்கள். வானத்தில் இரைச்சல் கேளாத நாட்களில் மட்டும் பள்ளிக்கூடம் நடந்தது. ஆகவே ஏழு பேரும் காலையிலிருந்து மாலைவரை ஒழுங்கையை ஆண்டார்கள். சைக்கிள்களின் காற்றைத் திறந்துவிட்டார்கள். காயப்போட்ட வலைகளிலிருந்து ஈயக்குண்டுகளைக் கழற்றிக் கோலிபோல் உருட்டிப் போளை அடித்தார்கள். கோயில் மணிக்கயிற்றில் தொங்கி நேரங்கெட்ட நேரத்தில் பூசைக்கு அடித்தார்கள். ஒருமுறை எட்டுக் கிழவர்கள் செபமாலையோடு வந்து முழந்தாளில் நின்றுவிட்டார்கள். இவையெல்லாம் குறும்பு. விளையாட்டு வேறு.

முதலில் அவர்கள் கியூ விளையாடினார்கள். மூன்றாம் நாள், ஆறு கிழமையாக வராத மண்ணெண்ணெய் வந்தது. பூனைக்குக் கலியாணம் செய்து வைத்தார்கள். மூன்றாம் நாள் மூப்பரின் தங்கை அருமைநாயகிக்கு, ஐம்பத்திரண்டு வயதில், கொடிகாமத்திலிருந்து மாப்பிள்ளை பேசி வந்தது. மாப்பிள்ளைக்குப் பூனைக்கண். பிறகு ஒருநாள் கைகளை அகல விரித்து, வாயால் இரைந்துகொண்டு ஒழுங்கை நீளத்துக்கு ஓடினார்கள். நாலு வீட்டு வாசல்களில் மட்டும் நின்று கைதட்டினார்கள். மூன்றாம் நாள் பொம்பர் விமானம் வந்து அதே நாலு வீடுகளின் கூரைகளையும், வழியில் நின்ற ஒரு தென்னையின் தலையையும் கொண்டுபோனது. கைதட்டலைக் கேட்டவர்கள் அதற்கு முன்பே வெளியேறியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை.

மூப்பர் கூட்டம் வைத்தார். “அடக்கி வளர்க்க வேணும்” என்று எல்லோரும் சொன்னார்கள். யாருடைய பிள்ளையை யார் அடக்குவது என்பதில் மட்டும் ஒருமித்த கருத்து வரவில்லை. எல்லோரையும்விடப் பலமாகக் கதைத்தவள் மார்கிரட். “உன்ரை மேளைத்தான் முதல்லை கட்ட வேணும்” என்றாள் யோசப்பினிடம். “கட்டுங்கோவன். கட்டிப்போட்டு என்ரை இடத்திலை நீங்கள் போய்க் கியூவிலை நில்லுங்கோ” என்றாள் யோசப்பின். கடைசியில் ஏழு பேரையும் ஞானோபதேச மண்டபத்தில் வைத்துப் பூட்டினார்கள். மூன்றாம் நாள் ஒழுங்கையில் எதுவுமே நடக்கவில்லை. அடுப்பு எரிந்தது, தண்ணீர் கொதிக்கவில்லை. வற்றிய கடல் பெருகவில்லை. செபஸ்தியம்மாவுக்குப் பிள்ளைக்குத்து வந்தது, பிள்ளை வரவில்லை; குத்து ஒன்றரை நாள் ஒரே அளவில் நின்றது. அவள் புருசன் மண்வெட்டியோடு போய் மண்டபத்துப் பூட்டை உடைத்தான். வெளியே வந்த பிள்ளைகள் முதலில் அம்மா அப்பா விளையாடினார்கள். செபஸ்தியம்மா இன்னும் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்து பெண்பிள்ளை பெற்றாள். அன்றிலிருந்து, விளையாட விடுவதைவிட விளையாட்டை நிறுத்துவது மோசம் என்பதை ஒழுங்கை படித்துக்கொண்டது. அவரவர் வாசலில் அவரவர் கைதட்டலுக்காகக் காது கொடுத்தபடி வாழப் பழகினார்கள்.

மார்கிரட் மட்டும் பழகவில்லை. அவளுக்கு ஐம்பது வயது. புருசன் யாகப்பு கடலில் போய்ப் பத்து வருடம். இருந்தது ஒரே மகன், அடைக்கலநாதன், இருபத்திரண்டு வயது, தகப்பனின் தோணி அவனிடம். ஒழுங்கையிலேயே மட்டமான, சருகு கிடக்காத முற்றம் அவளுடையது. ஆகவே பிள்ளைகளுக்கு அது இல்லாமல் முடியாது, அவளுக்கு அவர்களை விரட்டாமல் முடியாது. முற்றம் கூட்டும் தும்புத்தடியும் கையுமாக அவள் வாசலில் நிற்பதால் ‘தும்புத்தடி மாமி’ என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கு அது தெரியும். பெயருக்கு ஏற்றபடி நடந்துகொண்டாள்.

தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு ஆவணியில், ஒரு புதன்கிழமை மத்தியானம், அவள் கிணற்றடியிலிருந்து திரும்பியபோது முற்றத்தில் கடல் கிடந்தது. அடுப்புச் சாம்பலால் அலை அலையாகக் கீறியிருந்தார்கள். அதன் நடுவில் ஒரு தென்னம்பாளை, தோணி. அதற்குள் கரியால் கண்வைத்த பனங்கொட்டை, ஆள். கடைசிப் பொடியன் பாளையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் நுரை வீசிக்கொண்டிருந்தார்கள். நுரை, அவள் பாயில் காயப்போட்டிருந்த கூப்பன் அரிசி.

இரண்டு கிழமைக்குரிய அரிசி அது. மார்கிரட் தும்புத்தடியைச் சுழற்றியபடி ஓடிவந்து பாளைக்கு ஓர் உதை விட்டாள். பாளை கவிழ்ந்தது. ஆறு பேர் சிதறி ஓடினார்கள். கத்தரீனா மட்டும் படலையடியில் நின்று திரும்பினாள்.

“மாமி, உது இன்னும் கரைக்கு வரேல்லை.”

“கரையோ? கொம்மா வரட்டும், காட்டுறன் கரையை!”

சாம்பலுக்குள் குந்தியிருந்து அரிசியைப் பொறுக்கும்போதுதான் அவள் பாளையைச் சரியாகப் பார்த்தாள். அந்தக் கரையில் தோணியைக் கவிழ்த்து வைப்பது அதன் சொந்தக்காரன் செத்தால் மட்டும்தான். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்துதான் நிமிர்த்துவார்கள். மற்றப்படி பழுது பார்ப்பதற்குக்கூடச் சரித்துத்தான் வைப்பார்கள். யாகப்பு போனபோது அவளே ஒரு பக்கம் பிடித்துக் கவிழ்த்தவள். அந்தக் கரையின் எந்தப் பெண்ணும் கால் தவறியும் செய்யாத காரியம். பாளையைத் தோணியென்று அவள் நினைக்கவில்லை, அவ்வளவுதான். அவசரமாக அதை நிமிர்த்தினாள். உருண்டு கிடந்த பனங்கொட்டையைத் தேடியெடுத்துத் துடைத்து உள்ளே வைத்தாள். ஒருவரிடமும் சொல்லவில்லை.

வியாழன் பின்னேரம் மகனின் துடுப்பை ஒளித்தாள். அவன் சிரித்தான். “நீங்களுமோ அம்மா? உது ஆட்டுக்குட்டியளுக்குத்தான் சரிவரும்.” வெள்ளி விடிய வேறு யாரிடமோ துடுப்பு இரவல் வாங்கிக்கொண்டு போனான்.

காலை பத்து மணிபோல் அவன் திரும்பி வருவதைக் கரையில் நின்ற எல்லோரும் கண்டார்கள். கூப்பிடு தூரம். காற்றில்லை. தோணி தானாகக் கவிழ்ந்தது. ஓர் அருள்நிறைந்த மந்திரம் சொல்லி முடிக்கும் நேரம் கவிழ்ந்தபடியே கிடந்தது. பிறகு தானாக நிமிர்ந்தது. உள்ளே அடைக்கலநாதன் நனையாத உடுப்போடு இருந்தான். துடுப்பை எடுத்துக் கரையைப் பார்த்து வலிக்கத் தொடங்கினான். அவன் வந்து சேரவில்லை. மத்தியானம் ஆயிற்று, ஞாயிறு ஆயிற்று, பாலன் பிறக்கிற நத்தார் ஆயிற்று. அவன் அதே கூப்பிடு தூரத்தில், அதே முகத்தோடு, கரையைப் பார்த்து வலித்துக்கொண்டிருந்தான்.

நீந்திப் போனவர்கள் அந்த இடத்தில் வெறும் தண்ணீரையும் மிதக்கும் சில அரிசிமணிகளையும் கண்டார்கள். கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தால் அவன் அங்கே இருந்தான். மண்டைதீவிலிருந்து சுட்டால், அவனுக்குள்ளால் வந்த சன்னங்கள் இந்தக் கரை மணலில் ஈரமாகக் கிடந்தன. ஆறு மாதத்துக்குள் ஒழுங்கை அவனுக்குப் பழகிவிட்டது. “அடைக்கலத்துக்குத் தெற்காலை இறால் படுது” என்று மீன்காரர் இடம் சொன்னார்கள். அவனை உயிருள்ளவனாக வைத்தா, இறந்தவனாக வைத்தா பூசை ஒப்புக்கொடுப்பது என்று தெரியாத கோயில் சுவாமி, பயணம் செய்வோருக்கான செபத்தைச் சொன்னார். மார்கிரட் தன் வெள்ளைச் சீலையொன்றைக் கம்பில் கட்டி முற்றத்தின் கடற்பக்கம் நட்டாள். அவன் எந்த நேரமும் அதையே பார்த்து வலித்தான். சீலை ஒருமுறை காற்றில் விழுந்தபோது அவன் துடுப்பை நிறுத்திவிட்டு நாலு பக்கமும் பார்த்ததைப் பலர் கண்டார்கள். அதற்குப் பிறகு அவள் யார் வீட்டுக்கும் போய்த் தங்கியதில்லை.

அவள் கத்தரீனாவிடம் போனாள். தன் வாழ்நாளில் ஒரு சின்னப்பிள்ளையிடம் அவள் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. “அண்டைக்கு விட்ட இடத்திலையிருந்து ஒருக்கா விளையாடி முடிச்சு விடுங்கோ, பிள்ளை.”

கத்தரீனா யோசித்தாள். அவளுக்கு மனமில்லாமல் இல்லை. “கேட்டு விளையாடினா அது விளையாட்டில்லை மாமி. அது வேலை. வேலை பலிக்காது.”

ஆகவே மார்கிரட் கேட்பதை விட்டாள். தும்புத்தடியைக் கடலில் எறிந்தாள். படலையைக் கழற்றி அடுப்புக்கு வைத்தாள். முற்றத்தில் தற்செயலாகக் கிடப்பதுபோல் பாளையைப் போட்டு, பக்கத்தில் சாம்பல் வாளியை வைத்து, பாயில் அரிசியைக் காயவிட்டு, உள்ளே போய் யன்னல் இடுக்கால் பார்த்தபடி கிடந்தாள். பிள்ளைகள் முதலில் பயந்தார்கள். பிறகு வந்தார்கள். அரிசியைக் கோழிக்குப் போட்டார்கள். ஓட்டில் ஏறி ஓடு உடைத்தார்கள். யாகப்புவின் படத்துக்கு மீசை கீறினார்கள். பாளையை ஒருநாள் ராசாத்தியின் கட்டிலாக்கினார்கள், ஒருநாள் தேராக்கினார்கள், ஒருநாள் நாய்க்குட்டிக்கு மாட்டினார்கள். தோணியாக்கவில்லை. மார்கிரட் வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். “ஒரு காலத்திலை எங்கடை பிள்ளையளைக் கட்டச் சொன்னவ, இப்ப வீட்டையே குடுத்திட்டா” என்று யோசப்பின் கிணற்றடியில் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. பொழுதுபட்டதும் மார்கிரட் பாளையை எடுத்துத் துடைத்து, தலைக்கும் வைக்காத தேங்காயெண்ணெய் பூசி, மாதா சொரூபத்துக்குக் கீழே வைத்தாள். இப்படி இரண்டு வருடம்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் வெடிச்சத்தம் நாளுக்கு நாள் கிட்ட வந்தது. கத்தரீனாவுக்குப் பன்னிரண்டு வயதாகியிருந்தது. நத்தாரோடு இவளை ஒழுங்கையில் விடுவதில்லை என்று யோசப்பின் சொல்லியிருந்தாள். அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை, மத்தியானத் தூறலில், பிள்ளைகள் ஒழுங்கைக்கு வந்தார்கள். அன்று ஒருவரும் ஓடவில்லை. ஒருவர் பின்னால் ஒருவராக, ஓரடி வைத்தார்கள், நெடுநேரம் நின்றார்கள், மறுபடி ஓரடி வைத்தார்கள். சில்லில்லாத ஒரு சைக்கிளில் பானையும் சுருட்டிய பாயும் கட்டியிருந்தது. ஒருத்தி சாக்கைத் தலையில் போட்டிருந்தாள். இப்போது மூக்குச் சீறத் தெரிந்த கடைசிப் பொடியன் கோழியொன்றைக் கமக்கட்டில் இடுக்கியிருந்தான்; கோழியும் சத்தம் போடவில்லை. கத்தரீனா ஒவ்வொரு வாசலிலும் நின்று, பூட்டில் திறப்பைத் திருப்புவதுபோல் கையைத் திருப்பினாள். பதினேழு வீடுகள், பதினேழு தரம்.

ஒழுங்கை பார்த்துக்கொண்டு நின்றது. யோசப்பின் உள்ளே போய்ப் பானைகளைக் கழுவத் தொடங்கினாள். மூப்பர் அந்தோனியார் சொரூபத்தைச் சாக்கில் சுற்றினார். செபஸ்தியம்மா குழந்தையின் சட்டைகளை எண்ணி மடித்தாள். சனி, ஞாயிறு, திங்கள். திங்கட்கிழமைக்கு என்னென்ன கொண்டுபோகலாம் என்றுதான் எல்லோரும் யோசித்தார்கள்.

பதினேழாவது வாசல் மார்கிரட்டுடையது. படலை இல்லாத இடத்தில் கத்தரீனா கையைத் திருப்பினாள்.

“உது என்ன விளையாட்டு, பிள்ளை?”

“நடக்கிற விளையாட்டு மாமி.”

“எங்கை மட்டும்?”

“ஊருக்கு வெளியிலை, பாலத்துக்கு அங்காலை.”

“பிறகு?”

“பிறகு விளையாடேல்லை.”

“நானுமோ?”

“எல்லாரும் வருகினம்.”

மார்கிரட் கடலைப் பார்த்தாள். சீலை நனைந்து கம்போடு ஒட்டிக் கிடந்தது. அடைக்கலநாதன் அதைப் பார்த்தபடி, தூறலில் நனையாமல் வலித்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமைக்குப் பிறகு இந்தக் கரையில் சீலையைத் தூக்கிக் கட்ட ஆளிருக்காது. எந்த வீட்டைப் பார்த்து அவன் வலிப்பான்?

அவள் உள்ளே ஓடினாள். மாதாவின் காலடியிலிருந்து பாளையை எடுத்துக்கொண்டு வந்து, ஈரமண்ணில், கத்தரீனா அடுத்த அடி வைக்கவிருந்த இடத்தில் நிமிர்த்தி வைத்தாள். பனங்கொட்டை உள்ளே இருந்தது. கயிற்றின் நுனியைக் கடைசிப் பொடியனின் காலடியில் விழும்படி நீட்டினாள். வரிசை நின்றது. முழந்தாள் மடித்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பிள்ளைகளின் முகத்தைப் பாராமல் பாளையைப் பார்த்தபடி அவள் சொன்னாள்:

“நான் கேக்கேல்லை ராசாத்தி. கேட்டதெண்டு நினையாதேங்கோ. சும்மா கிடக்குது கயிறு. இன்னும் ஒரு முழந்தான். போற வழியிலை ஒருக்கா, விளையாட்டுக்கு, இழுத்து விட்டிட்டுப் போங்கோவன்.”